வாளின் கனம்

மெய்ப்பட்டையைப் பிடரியில் ஒட்டிக்கொண்ட பிறகு, மற்றவர்கள் அறையை விட்டு வெளியே போவதற்காக அருமைநாதன் காத்திருந்தார். யாரும் போகவில்லை.

கோமதிநாயகி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். இசக்கிமுத்து மேசை விசிறியைத் திருப்பித் திருப்பி வைத்து, காற்று விருந்தாளியின் மேல் படுகிறதா என்று உள்ளங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதிவு நடக்கும்போது சுவைஞர் தனியாத்தான் இருக்கணும்" என்றார் அருமைநாதன், யாரையும் பார்க்காமல்.

"தெரியும் சார்" என்றாள் கோமதி. "அதுக்காக வீட்டுக்கு வந்தவங்கள ஒத்தையில ரூமுக்குள்ள போட்டுட்டு நாங்க வெளிய நிக்க முடியுமா? அம்மாவுக்குத் தெரிஞ்சா எங்களத்தான் வைவா. நாங்க பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கோம். மூச்சு விட மாட்டோம்."

"நான் செத்த மாதிரி இருப்பேன் அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "இந்த கேம்ல சாகுறவன் எல்லாத்துக்கும் நான்தான் குரல். சாவுல எனக்கு நல்ல பழக்கம்."

சென்னையில் பதிவறைகளின் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும். அங்கே யாரையும் வெளியே போகச் சொல்லும் தேவை வந்ததில்லை. இங்கே, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில், நன்னாரி சர்பத்தை இரண்டு கையாலும் நீட்டிய பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லத் தெரியாத இடங்களில் அவர் பேசாமல் இருந்துவிடுவார். அன்றும் அப்படியே இருந்தார். கோமதி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

விமர்சனம் எழுதுகிறவர்கள் என்று அப்போது யாரும் மிச்சமில்லை. சொற்களை இயந்திரங்கள் வண்டி வண்டியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகு, ஒரு படம் நன்றாக இருக்கிறது என்று யார் எழுதினாலும் மக்கள் நம்புவதை விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் மெய்ப்பட்டை வந்தது. வெற்றிலை அளவில் ஒரு மெல்லிய தாள். தோலின் சூடு, இரத்தத்தின் ஓட்டம், மூச்சின் நீளம், தசை இறுகித் தளரும் விதம் எல்லாவற்றையும் பிடரியிலிருந்தே அது பதிந்துகொள்ளும். பதிந்ததை ஒரு நிமிடமாகச் சுருக்கினால் அதற்குப் பெயர் உணர்தடம். இன்னொருவர் தன் பட்டையில் அதை ஏற்றிக்கொண்டால், பதிந்தவர் உடம்பில் ஓடிய மகிழ்ச்சியோ சலிப்போ அச்சமோ அப்படியே இவர் உடம்பிலும் ஓடும். புதிய ஓட்டலுக்குள் நுழையுமுன், புதிய விளையாட்டை வாங்குமுன், மக்கள் தெருவோரமாக ஒதுங்கிக் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார்கள். கண்ணைத் திறந்ததும் வேண்டும் என்பார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

உணர்தடத்தை வெட்டவோ ஒட்டவோ முடியாது. அதனால் அதை நம்பினார்கள். அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்பது சுவைஞர்களின் விதி. வியர்வைக்குப் பக்கத்தில் சொல் வந்தால் அது கலப்படம். இயல்பிலேயே வாய் திறக்காதவரான அருமைநாதனுக்கு இந்த வேலை தனக்கென்றே உண்டானதாகத் தோன்றியதில் வியப்பில்லை. நாட்டில் மிக அதிகமாக ஏற்றிக்கொள்ளப்படும் உடம்புகளில் அவருடையதும் ஒன்று. சிறிய படைப்புகளுக்குச் சுவைஞரைக் குலுக்கலில்தான் ஒதுக்குவார்கள். பதிவறைக்கு வாடகை கொடுக்க வழியில்லாத இவர்கள் பெயர் அவருக்கு விழுந்தபோது, உறவினர் திருமணத்துக்கு எப்படியும் பாளையங்கோட்டை போகிறோமே, வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவராகத்தான் முன்வந்தார்.

"சார், ஆரம்பிக்க முன்னால ஒண்ணே ஒண்ணு" என்றாள் கோமதி. "கேமரா மோசம், கதை மோசம். அது எங்களுக்கே தெரியும். வாளை மட்டும் பாருங்க. அஞ்சு வருஷமா நான் அதுக்குள்ளதான் கெடக்கேன். வாள் கையில நிக்குதா, அது மட்டும் எனக்குத் தெரியணும். நிக்கலைன்னா விட்டுட்டு ஓசூருக்குப் பழைய வேலைக்கே போயிருவேன். வருத்தமில்ல."

"வருத்தமில்லையாம்" என்றான் இசக்கிமுத்து. "நேத்துலேர்ந்து மகாராணிக்குச் சோறு இறங்கல."

"ஏல, நீ செத்தவன்லா? கெட அங்க."

விளையாட்டின் பெயர் முட்கோட்டை. முள்வேலி சூழ்ந்த ஒரு மண்கோட்டையில் எல்லோரும் ஓடிப்போன பிறகு மிஞ்சிய ஒரே காவலாள், ஏறி வருகிற படையை வாளோடு எதிர்கொள்கிறான். வெட்டுவது, தடுப்பது, மறுபடி வெட்டுவது. அவ்வளவுதான்.

முதல் வெட்டிலேயே அருமைநாதனின் முதுகு நிமிர்ந்தது. வாள் சதையில் பட்ட கணத்தில் திரையிலிருந்த அனைத்தும் இமை தட்டும் நேரத்துக்கு நின்றது. காற்றில் பறந்த தூசி, எதிரியின் முண்டாசு, மரக்கிளை எல்லாம். பிறகு வாள் விடுபட்டு, அதன் கனம் கையிலிருந்து தோளுக்கு ஏறியது. ஓங்கிய வாளைப் பாதியில் திருப்ப முடியாது. திருப்பினால் காவலாளே தள்ளாடினான். எதிரியின் தோள் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்தால் அடுத்த அடி எங்கே வரும் என்று தெரிந்தது. அது பொய் சொல்லவே இல்லை. தோற்றபோதெல்லாம் பிழை அவருடையதாகவே இருந்தது. பெருநிறுவனங்களின் விளையாட்டுகளில் வாள் என்பது ஒளிக்கோடு. நூறு பேரை அது ஒரே வீச்சில் சீவிக்கொண்டு போகும். இங்கே ஒவ்வொருவனும் ஒரு வேலையாக இருந்தான். ஆண்டுக்கணக்கில் அவர் கை இப்படி விழித்ததில்லை.

அந்த மகிழ்ச்சி நெஞ்சில் தொடங்கித் தோளுக்குப் பரவிக்கொண்டிருந்தபோது, கேமரா சுவருக்குள் போய்விட்டது. திரை முழுக்கச் செங்கல்லின் உட்புறம். இசக்கிமுத்துவின் குரலில் யாரோ எங்கோ செத்தார்கள்.

பின்னால் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

"அது... அது தெரியும் சார்" என்றது கோமதியின் குரல். "கொஞ்சம் இடது பக்கமா வந்துட்டீங்கன்னா சரியாயிரும்."

அருமைநாதன் இடது பக்கமாக வந்தார். அவருடைய பிடரி சூடாகியது.

அதன் பிறகு அவரால் தனியாக விளையாட முடியவில்லை. எதிரிகளுக்கு மொத்தம் நான்கு முகங்கள்தான் இருந்தன என்பதை அவர் கவனித்ததை அவள் கவனித்தாள். தூணில் முட்டிக்கொண்டு ஒருவன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெருமூச்சு பாதியில் அடக்கப்பட்டது. இரண்டாம் மதிலில் ஒரே மாதிரியான முற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. அங்கே அவருக்குக் கொட்டாவி வந்தது. வாயை மூடிக்கொண்டே விட்டார். ஆனால் தோள் உயர்ந்து தாழ்ந்ததை எப்படி மறைப்பது?

"இந்த இடம் நீளம்னு நான் அப்பமே சொன்னேன்" என்று இசக்கிமுத்து கிசுகிசுத்தான்.

"வாயை மூடுதியா?" என்று அவள் அதைவிட மெல்லிய குரலில் சொன்னாள். அந்தக் குரலில் கோபமில்லை. தேர்வு முடிவைக் கேட்கும் பிள்ளையின் குரலாக அது இருந்தது.

கடைசியில் ஒரு யானை வந்தது. யானை முழுவதையும் செய்ய அவர்களால் முடியவில்லை போலும். நான்கு கால்களும் துதிக்கையும் மட்டுமே இருந்தன. மேலே எல்லாம் பனிமூட்டம். மூட்டத்துக்குள்ளிருந்து தூண்போல ஒரு கால் இறங்கியதைப் பார்த்தபோது அருமைநாதனுக்கு உண்மையாகவே அச்சம் வந்தது, நல்ல அச்சம். ஆனால் அதையும் மீறி, இந்தக் காலுக்கு மேல் ஒன்றுமில்லை, அது இல்லாததைப் பின்னாலிருக்கும் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் நினைப்பதையும் அறிந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. உடனே பிடரியில் சூடு. யானையிடம் அவர் திரும்பத் திரும்பச் செத்தார். அவர் தோற்கிற ஒவ்வொரு முறையும், தங்கள் பிழையால்தான் தோற்கிறார் என்று அவர்கள் வருந்துவதை முதுகால் உணர்ந்தார். ரசிப்பதாகக் காட்டிக்கொள்ள ஒருமுறை "ம்" என்று தலையை ஆட்டினார். பொய்யாக ஆட்டியதற்காக வெட்கப்பட்டார். பொய்யாக ஆட்ட வேண்டிய தேவையே இல்லாமல், வாளைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருந்தது. அந்தக் குழப்பத்துக்காகவும் வெட்கப்பட்டார்.

முடித்து எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசல்வரை இருவரும் வந்தார்கள். கோமதி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன்" என்றார் அருமைநாதன். விதி அது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

அன்று மாலை விடுதியில் உணர்தடத்தை ஒப்படைக்கும்போது, வழக்கமான இயந்திரக் குரல் கேட்டது: "பதிவின்போது தனியே இருந்தீர்களா?"

இல்லை என்று சொன்னால் தடம் செல்லாது. குலுக்கலில் இவர்கள் பெயர் மறுபடி விழ எத்தனை காலமோ. அந்தப் பெண் அதற்குள் ஓசூருக்குப் போயிருப்பாள். அருமைநாதன் "ஆம்" என்றார். ஓர் இரக்கத்தில் சொன்னதுதான். தடம் மோசமாக இருந்தாலும் வாளின் மகிழ்ச்சி எங்காவது ஒரு மூலையில் இருக்கும், தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள் என்று நினைத்தார்.

யாரும் கண்டுகொள்ளவில்லை. தடம் வெளியானதும் நாடு முழுவதும் மனிதர்கள் தெருவோரங்களில் கண்ணை மூடி நின்றார்கள். கண்ணைத் திறந்தபோது அவர்கள் முகம் சிவந்திருந்தது.

மெய்ப்பட்டை உணர்வைத்தான் கடத்தும். அது எதனால் வந்தது என்பதைக் கடத்தாது. காரணத்தை ஏற்றிக்கொள்பவரே போட்டுக்கொள்ள வேண்டும். மனிதர்களை வாளால் வெட்டும் ஒரு விளையாட்டு. அதை விளையாடிய ஒரு முதிர்ந்த மனிதரின் உடம்பு முழுக்க, தொடக்கம் முதல் முடிவுவரை வெட்கம். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வெட்டியதற்காக வெட்கப்பட வைத்த முதல் விளையாட்டு என்று முட்கோட்டைக்குப் பெயர் வந்தது. பள்ளிகள் வாங்கின. பிள்ளைகளுக்கு வாள் விளையாட்டே ஆகாது என்றிருந்த பெற்றோர்கள் வாங்கினார்கள். ஒரு பெரிய விநியோக நிறுவனம் பாளையங்கோட்டை மாடிக்கு ஆள் அனுப்பியது.

வாங்கியவர்கள் விளையாடினார்கள். அவர்களுக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை. நான்கு முகங்கள், சுவருக்குள் போகும் கேமரா, கையில் நல்ல கனமாக ஒரு வாள். பத்துப் பேரை வெட்டிய பிறகும் நெஞ்சு கூசவில்லை என்று கண்டபோது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பயம் வந்தது: எல்லோருக்கும் வருவது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? நான் அவ்வளவு மரத்துப் போனவனா? அந்த நினைப்பில் பிடரி சூடாகும். அவர்களுடைய பட்டைகளும் அதைப் பதிந்துகொண்டன. ஆயிரக்கணக்கான உணர்தடங்கள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் வெட்கம். அருமைநாதனின் நுட்பம் மெய்ப்பிக்கப்பட்டதாக அவருடைய சங்கம் பாராட்டு அனுப்பியது. அவர் அதைத் திறக்கவில்லை.

சென்னையில் ஒரு அரங்கில் அந்த இருவருக்கும் விழா எடுத்தார்கள். அருமைநாதனை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் கோமதிநாயகி பட்டுச் சேலையில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தவறான வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"அதே நான்கு முகங்களைத் திரும்பத் திரும்பக் கொல்ல வைக்கிறீர்கள். இந்தத் துணிச்சல் எப்படி வந்தது?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

கோமதி இசக்கிமுத்துவைப் பார்த்தாள். அவன் ஒலிவாங்கியை வாங்கினான். "அஞ்சாவது மூஞ்சி செய்யக் காசில்லைங்க. செத்தவனே திரும்பத் திரும்ப வந்து நின்னா வெட்டுறவனுக்குத்தானே வெட்கம்? எங்களுக்கு என்ன?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் திகைத்துப்போய்ச் சிரித்தான்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். வெட்டு விழும்போது கேமரா சுவருக்குள் ஒளிந்துகொள்வதைப் பற்றி ஒருவர் பேசினார்: "அது கண்ணை மூடிக்கொள்கிறது. நாமோ மூடிக்கொள்வதில்லை." யானைக்கு உடல் இல்லாததைப் பற்றிப் பேச இருவர் வந்தார்கள். இரண்டாம் மதிலின் முடிவில்லாத முற்றங்களில் தான் கொட்டாவி விட்டதாகவும், கொலையின் நடுவே கொட்டாவி விட்ட தன்னைத் தானே மன்னிக்க முடியவில்லை என்றும் ஓர் ஆசிரியை சொன்னபோது சிலர் அழுதார்கள். அந்த விளையாட்டின் குறைகள் அத்தனையும் வரிசையாக மாலை போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதை அருமைநாதன் பார்த்தார். வாளைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைசியில் ஒருவர் பேசினார். விநியோக நிறுவனத்தின் ஆள். "ஒரே ஒரு குறை சொல்லலாமா? வெட்டு விழும் கணத்தில் கைக்கு ஒருவித இன்பம் கிடைக்கிறது. ஒரு கனம், ஒரு நிறுத்தம். அது வெட்கத்தைக் கெடுக்கிறது. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறோம்."

கோமதி தலை நிமிர்ந்தாள். விழா தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அவள் கண்கள் முதல் வரிசைக்கு வந்தன. அவரைக் கேட்டன. அவர் தன் காலணிகளைப் பார்த்தார்.

ஊர் திரும்பிய பிறகு அவள் அழைத்தாள்.

"சார், நாங்க வெட்கம்னு ஒண்ணும் அதுல வைக்கலையே. எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"சரி, அத விடுங்க. வாளோட கனத்தை எடுக்கச் சொல்லுதாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல. வாள் கையில நிக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் யாருக்கும் அசைய மாட்டேன். விதி இருக்குன்னு தெரியும். ஆனாலும் கேக்கேன்."

"நான் நேர்ல வாரேன்" என்றார் அருமைநாதன்.

அதே மாடி. இப்போது புதிய குளிர்சாதனம் இருந்தது. அருமைநாதன் உட்காருமுன்பே சொல்லத் தொடங்கினார். உட்கார்ந்தால் சொல்லாமல் விட்டுவிடுவோம் என்று அவருக்குப் பயம்.

"அந்த வெட்கம் உங்க கேம்னால வந்தது இல்ல, கோமதி. நீங்க ரெண்டு பேரும் எனக்குப் பின்னால இருந்தீங்க. கேமரா சுவருக்குள்ள போகும்போது நீங்க என்ன நினைப்பீங்களோன்னு எனக்குக் கூசுச்சு. தனியா இருந்தேன்னு பொய் சொல்லிட்டேன். ஊரே அதை நம்பிடுச்சு."

இசக்கிமுத்து விசிலடிக்கப்போனவன் போல உதட்டைக் குவித்து, அப்படியே நிறுத்தினான்.

"அப்ப" என்றாள் கோமதி, "எங்க முன்னால உக்காந்து விளையாடவே கூசுற அளவுக்கு இருந்திருக்கு."

"இல்ல. வாள் நல்லா இருக்கு. கேமரா மோசம், இரண்டாம் மதில்ல பாதியை வெட்டி எறியணும், தூண்ல முட்டுறவனைச் சரி பண்ணணும். யானையை அப்படியே விட்டுடுங்க. ஆனா அந்த வாள்... இருபது வருஷத்துல என் கைக்கு அப்படி ஒரு வாள் கிடைச்சதில்ல. அதைத் தொடாதீங்க."

அவர் வாழ்க்கையில் ஒரு படைப்பைப் பற்றி இவ்வளவு சொற்களைப் பேசியதில்லை. பேசி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

கோமதி அவரைக் கனிவோடு பார்த்தாள். நோயாளியின் வீட்டார், இரக்கத்தில் பொய் சொல்லும் மருத்துவரைப் பார்ப்பது போன்ற பார்வை. "மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுதீங்க" என்றாள்.

"சத்தியமா இல்ல."

"வாயால யாரு என்ன வேணும்னாலும் சொல்லலாமே சார். தப்பா எடுத்துக்காதீங்க. பட்டையைப் போட்டுக்கிட்டு இதையே இன்னொரு தடவை சொல்லுங்களேன். நான் நேரடியா ஏத்திக்கிடுதேன். வாளைப் பத்தி மட்டும் சொன்னாப் போதும்."

அவர் மறுத்திருக்கலாம். மறுத்தால் அதுவே பதிலாகிவிடும். பட்டையை ஒட்டிக்கொண்டார். கோமதியும் ஒன்றை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"வாள் நல்லா இருக்கு" என்றார்.

சொல்லும்போது அந்த முதல் வெட்டை நினைக்க முயன்றார். தூசி நின்றதை, கனம் தோளுக்கு ஏறியதை. நினைவுக்கு வந்தது வேறு. அரங்கத்தில் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரக் குரலுக்கு ஆம் என்றது. எதிரே கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் ஐந்து வருடத்துக்கான தீர்ப்புக்காக நிற்கும் இந்தப் பெண். பிடரி கொதித்தது. "ரொம்ப நல்லா இருக்கு" என்று இன்னும் அழுத்திச் சொன்னார். அழுத்த அழுத்தச் சூடு ஏறியது.

அவள் கண்ணைத் திறந்தபோது அவளுடைய காது நுனிவரை சிவந்திருந்தது. அவருடைய வெட்கம்தான், அவள் தோலில்.

"புரிஞ்சிட்டு சார்" என்றாள். "நீங்க நல்லவங்க. அதான் சொல்ல இவ்வளவு கஷ்டப்படுதீங்க."

"கோமதி, அது..."

"ஏல இசக்கி, கம்பெனிக்காரங்க கேட்ட மாதிரியே வாளோட கனத்தை எடுத்துருவோம்."

"ஏளா, நெசமாவா?" என்றான் இசக்கிமுத்து. அவன் குரலில் கேலி இல்லை. "அந்த ஒண்ணுதானே நம்மகிட்ட உள்ளது."

"உள்ளதுன்னு நாமதான் நெனச்சிட்டிருந்தோம்."

ஐந்து வருடத்தில் சேர்ந்தது, இரண்டு எண்களை மாற்றியதும் போய்விட்டது. ஒன்று நிறுத்தத்தின் நீளம், மற்றது கனம். இரண்டையும் அவளே பூச்சியமாக்கினாள். அவள் விரல் தயங்கவில்லை. அருமைநாதன்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அவளுக்குள் இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டாள். "ஒரு சோதனை பண்ணுவோம். நாங்க பின்னால இருந்ததாலதான் கூசுச்சுன்னு சொன்னீங்கல்லா? இப்ப நாங்க வெளிய போறோம். கதவைச் சாத்திக்கிடுங்க. நீங்க தனியா விளையாடுங்க, பட்டை அப்படியே இருக்கட்டும். வெளிய இருந்து நான் ஏத்திக்கிடுதேன். என்ன வருதுன்னு பாப்போம். மரியாதைக் குறைவா நெனச்சுக்காதீங்க."

கதவு சாத்தப்பட்டது.

அறையில் குளிர்சாதனத்தின் ஓசை மட்டும். முள்வேலிக்கு மேல் முதல் முண்டாசு தெரிந்தது. அருமைநாதன் வாளை ஓங்கினார். வாள் எதிரியின் உடலுக்குள் புகைக்குள் போவது போலப் போய் வெளியே வந்தது. எதுவும் நிற்கவில்லை. தூசி தன்பாட்டில் பறந்தது. அவன் இசக்கிமுத்துவின் குரலில் "ஆ" என்றான்; விழுந்தான். அடுத்தவனும். அதற்கடுத்தவனும். அவர் கை விசையை அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு பெண் தன் கையால் செய்த ஒன்று இந்த உலகத்தில் இருந்தது. இன்று காலைவரை இருந்தது. ஒரு சொல்லில் அதைக் காப்பாற்றும் இடத்தில் இவரைத்தான் நிறுத்தியிருந்தார்கள். சொல்ல வேண்டிய நாளில் பேசாமல் இருந்தார். பேசிய நாளில் அவர் உடம்பே அவர் சொல்லைக் கொன்றுவிட்டது. யாரும் பின்னால் இல்லாத அந்த அறையில், அருமைநாதனின் பிடரியிலிருந்து வெட்கம் கழுத்துக்கும் முகத்துக்கும் பரவியது. தன் வாழ்நாளில் அவர் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. வெட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் அவர்கள் உள்ளே வந்துவிடுவார்களே.

நிறுத்துமுன்பே கதவு படாரென்று திறந்தது.

"சார்!" கோமதிநாயகியின் கண்கள் கலங்கியிருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு. "யாருமே இல்லாமலும் வருது சார்! முன்னைக்கு இப்ப எவ்வளவோ கூட! நாங்க பின்னால இருந்ததால இல்ல. கேம்லதான் சார் இருக்கு. நெசமாவே கேம்லதான் இருக்கு!"

"அதான் வாளோட கனத்தை எடுத்ததும் பொங்கிக்கிட்டு வருது" என்றான் இசக்கிமுத்து, அவள் பின்னாலிருந்து. நம்பவும் முடியாமல், நம்பாமலிருக்கவும் முடியாமல் தலையைச் சொறிந்துகொண்டான். "இது தெரியாம அஞ்சு வருஷம் அதைக் கட்டிக்கிட்டு அழுதோமே அண்ணாச்சி."

அருமைநாதன் எழுந்து நின்றார். அவளுடைய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய உண்மை எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

"வாழ்த்துகள்" என்றார்.

அவள் பிடரியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காது நுனி மறுபடியும் சிவந்தது.

"இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு சார்" என்றாள். "பட்டையைக் கழத்தவே மனசு வரல."